அச்சுப் பொறியும் ஆலிம் பெருமக்களும்

"அச்சுப் பொறியை முஸ்லிம்கள் முந்நூறு ஆண்டுக் காலம் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள், ஆலிம்கள் அதனை ஹராம் என்று விலக்கினார்கள், சமுதாயம் கல்வியில் பின்தங்கியதற்கு அதுவே காரணம்." இக்கூற்றை மேடைகளிலும் ஏடுகளிலும் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிறர் கூறக் கேட்டது மட்டுமன்று. நம்மவரே, நவீனக் கல்வி கற்றோம் என்னும் பெருமிதத்தோடு கூறவும் கேட்டிருக்கிறோம். உண்மையை ஒளிப்பானேன்? இளமையில் நாமும் அவ்வாறே எழுதியதுண்டு. பின்னர் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிக்கத் தலைப்பட்டபோதுதான், நாம் எழுதியது எவ்வளவு மேலோட்டமானது என்பது புலனாயிற்று.

முதலில் அந்தத் தடையையே பார்ப்போம். உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485இல் அச்சிடுவதைத் தடை செய்தார் என்றும், அவர் மைந்தர் முதலாம் ஸலீம் 1515இல் அதனை மீறுவோர்க்கு மரண தண்டனை விதித்தார் என்றும் நூல்கள் பல கூறும். ஒரு நூல் கூறியதை மற்றொரு நூல் எடுத்துக் கூற, அது மலைபோல் வளர்ந்துவிட்டது. ஆனால் அத்தகைய ஆணையின் ஏட்டை எவரும் கண்டாரில்லை. ஆந்த்ரே தெவே என்னும் பிரெஞ்சுப் பயணி 1584இல் எழுதிய நூலில்தான் இச்செய்தி தலைகாட்டுகிறது. அதாவது, நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து! அண்மைக் கால ஆய்வாளர்கள் இதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு உதுமானிய மண்ணில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் 1493இலேயே இஸ்தான்புல்லில் ஹீப்ரு நூலை அச்சிட்டனர். ஆர்மீனியர் 1567இல் அச்சகம் கண்டனர். 1588இல் சுல்தான் மூன்றாம் முராத், ஐரோப்பிய வணிகர் அரபு நூல்களைத் தம் நாட்டில் கொணர்ந்து விற்பதற்கு அனுமதி வழங்கி ஆணையிட்டார். அச்சைக் கண்டாலே அஞ்சி நடுங்கிய அரசு செய்யக்கூடிய செயல்களா இவை?

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. தடை இல்லையென்றால், முஸ்லிம்கள் தாமே ஏன் நெடுங்காலம் அச்சுப் பக்கம் திரும்பவில்லை? இதற்கு விடை காண, நம் முன்னோர் நூல் என்பதை எவ்வாறு கருதினர் என்பதை அறிய வேண்டும்.

அவர்களுக்கு நூல் என்பது தாளும் மையும் மட்டுமன்று. அது ஓர் ஆசானின் வாயிலிருந்து மாணவனின் செவிக்கு இறங்கிய வாக்கு. தாள் அதன் நினைவுக் குறிப்பு. மாணவன் உஸ்தாதின் முன்னமர்ந்து தன் பிரதியை உரக்க வாசிப்பான். அவர் கேட்டுத் திருத்துவார். முழுவதும் முடிந்தபின், அந்நூலைப் பிறர்க்கு ஓதிக்கொடுக்கும் உரிமையை 'இஜாஸா' என்ற பெயரால் எழுதித் தருவார். அதில் அவருடைய உஸ்தாத், அவருக்கு உஸ்தாத் என்று நூலாசிரியர் வரைக்கும் பெயர்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில், 'இவ்விடம் வரை ஒப்பு நோக்கப்பட்டது' என்னும் சிறு குறிப்புகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இவ்வாறு மூலத்தோடு பிரதியை ஒத்துப் பார்ப்பதற்கு 'முகாபலா' என்று பெயர். பிழை நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பது அந்த ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

அரபு எழுத்தின் இயல்பு இக்கவலையை மேலும் பெருக்கிற்று. ஒரே வடிவின் கீழே ஒரு புள்ளியிட்டால் 'பா', மேலே இரண்டிட்டால் 'தா', மூன்றிட்டால் 'ஸா'. புள்ளி ஒன்று இடம் மாறினால் பொருள் தலைகீழாகும். புள்ளியில்லாத ஓலைச் சுவடிகளைப் படித்துத் திகைத்த நம் தமிழ்ப் புலவர்களுக்கு இத்தொல்லை நன்கு விளங்கும். மேலும், அரபு எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் ஈற்றிலும் வெவ்வேறு வடிவங்கொள்வன; ஒன்றோடொன்று கைகோத்து நிற்பன. தனித்தனி ஈய எழுத்துகளாக அவற்றை வார்த்துக் கோப்பதற்கு நூற்றுக்கணக்கான அச்சுகள் வேண்டியிருந்தன.

இந்த நிலையில் முஸ்லிம்கள் கண்ட முதல் அச்சு நூல்கள் எத்தகையன? வெனிஸ் நகரில் பகனினி குடும்பத்தார் 1537-38ஆம் ஆண்டுகளில் குர்ஆன் முழுவதையும் அச்சிட்டனர். கிழக்கு நாடுகளில் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். பிழைகள் மலிந்த அந்தப் பதிப்பு அடியோடு மறைந்து போயிற்று. அது வெறுங்கதையோ என்று கூட அறிஞர்கள் ஐயுற்றனர். 1987இல் வெனிஸிலுள்ள கிறித்தவத் துறவியர் மடமொன்றின் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டபோதுதான் அது மெய் என்று தெளிவாயிற்று. திருமறையை நெஞ்சில் மனனம் செய்து வைத்திருக்கும் ஒரு ஹாபிஸின் கையில் அப்பதிப்பு கிடைத்திருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவர் வெறுத்தது பொறியையன்று, பிழையை.

இனி, இஸ்தான்புல்லுக்கு வருவோம். இப்ராஹீம் முதஃபர்ரிகா ஹங்கேரிய இனத்தவர். திரான்சில்வேனியாவில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, உதுமானிய அரசுப் பணியில் உயர்ந்தவர். அச்சின் பயன்களை விளக்கி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மங்கோலியர் படையெடுப்பிலும் அந்தலூஸின் வீழ்ச்சியிலும் அழிந்த நூல்கள் எத்தனை! பல பிரதிகள் இருந்திருப்பின் அவை அழிந்திருக்குமா என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. அச்சு மை நீர் பட்டாலும் அழியாது; விலை குறையும்; ஏழை மாணவர்க்கும் நூல் கிட்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார். 1727இல் சுல்தான் மூன்றாம் அஹ்மது அனுமதி வழங்கினார். அதற்கு முன் ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தியிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. அந்த ஃபத்வாவின் உள்ளுறை நம் கருத்துக்கு உயிர் போன்றது. அச்சுத் தொழில் வல்லவர், முறையாகத் திருத்தப்பெற்ற நூலை எழுத்துகளில் பதித்துப் பல பிரதிகள் எடுப்பது பயன் மிக்கது, பாராட்டத்தக்கது என்றார் அவர். ஆயின், பிழை திருத்துவதற்கு அறிஞர்கள் அமர்த்தப்பட வேண்டும் என்றும் வரையறுத்தார். அவ்வாறே மூன்று காழிகளும், ஒரு மவ்லவிய்யா தர்காவின் ஷைகும் மெய்ப்புத் திருத்துநராக நியமிக்கப்பட்டனர். நீதிபதிகளை அச்சகத்தில் அமர்த்திப் பிழை திருத்தச் செய்த அரசுகள் உலக வரலாற்றில் எத்தனை இருக்கும் என்று நாம் வியப்பதுண்டு!

1729இல் முதல் நூல் வெளிவந்தது. அது ஜவ்ஹரியின் 'ஸிஹாஹ்' என்னும் அரபு அகராதியின் துருக்கி மொழிபெயர்ப்பு. ஃபத்வாவும், சுல்தானின் ஆணையும், ஆலிம்களின் பாராட்டுரைகளும் அதன் முன்னே சேர்த்து அச்சிடப்பட்டன. வரலாறு, நிலநூல், அகராதி என 1742க்குள் பதினேழு நூல்களை முதஃபர்ரிகா வெளியிட்டார்.

ஆலிம்களுக்காக வழக்காட வந்த நாம், அவர்கள் பக்கத்துக் குறையை மறைக்க விரும்பவில்லை. அந்த அனுமதி குர்ஆன், தப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றுக்கு அளிக்கப்படவில்லை. மதரஸா மாணவனின் கையில் எந்நூல்கள் மிகுதியாக வேண்டப்பட்டனவோ, அவையே விலக்கப்பட்டன. இஸ்தான்புல்லில் மார்க்க நூலொன்று அச்சேற 1803ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குர்ஆன் அச்சேற 1870கள் வரை. அதற்குள் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரீனின் ஆதரவில் 1787இலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குர்ஆன் அச்சாகிவிட்டது. பின்னர் கஸான் நகரத்துப் பதிப்புகள் முஸ்லிம் நாடுகளெங்கும் பரவின. முதஃபர்ரிகாவின் மறைவுக்குப் பின் அவருடைய அச்சகமும் பல்லாண்டு ஓய்ந்து கிடந்தது. எச்சரிக்கை ஓர் அளவைக் கடந்தால் அது சோம்பலுக்குப் போர்வையாகிவிடும். இங்கு ஓரளவு அதுவும் நிகழ்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கெய்ரோவில் கதை வேறு விதமாக நடந்தது. 1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்து வந்தபோது அரபு எழுத்துகளுடன் அச்சுப் பொறியையும் கொணர்ந்தான். படை திரும்பியபோது பொறியும் திரும்பிற்று. ஆளுநர் முஹம்மது அலி 1820ஆம் ஆண்டையொட்டி நைல் நதிக்கரையிலுள்ள பூலாக்கில் அரசு அச்சகத்தை நிறுவினார். படைப்பயிற்சி நூல்களும் மருத்துவ நூல்களும் அச்சிடுவதே நோக்கம். ஆயினும் மொழி அறிந்து பிழை திருத்துவதற்கு ஆள் வேண்டுமே! அஸ்ஹரில் ஓதிய ஆலிம்களே அதற்கு வந்தார்கள். 'முஸஹ்ஹிஹ்', அதாவது திருத்துநர், என்றொரு புதிய பதவி தோன்றிற்று. தூணருகே அமர்ந்து ஓதிக்கொடுத்த ஷைகு, ஈரம் உலராத அச்சுத் தாளின்முன் எழுதுகோலுடன் அமர்ந்தார்.

இவர்களுள் நஸ்ர் அல் ஹூரீனி என்னும் பெருமகனாரை நாம் தனித்துக் குறிப்பிட வேண்டும். அஸ்ஹரில் பயின்றவர். 1844இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்று அந்நாட்டையும் கண்டு வந்தவர். பூலாக்கில் திருத்துநராக அமர்ந்தபின், அரபு எழுத்துமுறையைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கையால் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதலாம். அச்சில் ஒரு நெறி வேண்டும் அன்றோ? பழைய இலக்கண நூல்களைத் துருவி அந்நெறியை அவர் வகுத்தளித்தார். இப்னு கல்தூனின் 'முகத்திமா' 1857இல் பூலாக்கில் வெளிவந்தபோது அதனைத் திருத்திப் பதிப்பித்தவரும் அவரே. பாரிஸில் கத்ரமேர் என்னும் கீழ்த்திசை அறிஞர் அதே நூலைப் பதிப்பித்த காலமும் அதுதான். ஐரோப்பிய அறிஞர்கள்தாம் நமக்கு நம் இப்னு கல்தூனை மீட்டுத் தந்தார்கள் என்று பேசுவோர், இவ்வாலிமின் பெயரையும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

பூலாக் நூல்களின் கடைசிப் பக்கத்தில் திருத்துநரின் பெயர் காணப்படும். சில நூல்களில் அவர் எத்தனை பிரதிகளை ஒப்பிட்டார், எங்கே இடர்ப்பட்டார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். நாம் மேலே சொன்ன அந்தச் சங்கிலியின் புதியதொரு கண்ணி இது. உஸ்தாத் மாணவனுக்குக் கொடுத்த இஜாஸாவின் இடத்தில், முகமறியா வாசகனுக்குத் திருத்துநர் கொடுத்த உறுதிமொழி வந்து அமர்ந்தது.

ஆனால் அந்த முகமறியா வாசகன் யார்? இங்கேதான் அச்சு உண்மையான புரட்சியைச் செய்தது. அதுவரை மதரஸாக்களில் பிற்காலத்து உரைகளும், உரைக்கு உரையாகிய ஹாஷியாக்களுமே பெரும்பாலும் ஓதப்பட்டன. அச்சு, மறந்துபோன பழைய ஆசிரியர்களை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. ரிஃபாஆ அத்தஹ்தாவி, முஹம்மது அப்துஹூ முதலியோர் இப்பணியில் முன்னின்றனர். பதினேழு பாகங்களில் விரியும் இப்னு ஸீதாவின் 'அல்முகஸ்ஸஸ்' என்னும் பொருளகராதி அப்துஹூவின் முயற்சியால் அச்சேறியது. இனி ஓர் இளைஞன் உஸ்தாதின் அனுமதியின்றி, எந்தத் தூணருகேயும் அமராமல், தன் அறையிலேயே ஒரு பேராசிரியனின் நூலைப் படிக்கலாம். படித்துத் தெளியலாம், படித்துத் தவறாகவும் விளங்கிக்கொள்ளலாம். இரண்டுமே நிகழ்ந்தன. மார்க்க அறிவில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எழுந்த மறுமலர்ச்சிக்கும், அதே காலத்தில் பெருகிய அரைகுறைத் தீர்ப்புகளுக்கும் இந்த ஓர் ஊற்றுக்கண்ணே மூலம் என்று கூறினால் மிகையாகாது.

இந்தியாவில் முஸ்லிம்களின் உள்ளங்கவர்ந்தது ஈய எழுத்தன்று; கல்லச்சு. பவேரியாவில் ஸெனஃபெல்டர் என்பார் 1796இல் கண்டுபிடித்த முறை இது. பிசுபிசுப்பான மையால் எழுதியதைச் சுண்ணாம்புக் கல்லில் பதித்து, கல்லை நனைத்து, அச்சு மை தடவினால் எழுத்திருக்கும் இடம் மட்டும் மையைப் பற்றும். ஈரமான இடம் பற்றாது. எழுத்தரின் கைவண்ணம் அப்படியே தாளில் இறங்கும். எழுத்துக் கலைஞரின் பிழைப்பும் கெடவில்லை. ஓரங்களில் உரையெழுதும் மரபும் கெடவில்லை. முன்ஷி நவல் கிஷோர் 1858இல் லக்னோவில் தொடங்கிய அச்சகம் குர்ஆனையும், அரபு, பார்சி, உருது நூல்களையும் மலிவு விலையில் நாடெங்கும் பரப்பியது. அவர் இந்து சமயத்தவர் என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

தேவ்பந்து மதரஸா 1866இல் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் முதல்வராகிய மவ்லானா முஹம்மது காஸிம் நானோத்தவி, வாழ்நாளில் என்ன வேலை பார்த்துப் பிழைத்தார் தெரியுமா? அச்சகங்களில் பிழை திருத்தினார்! மவ்லானா அஹ்மது அலி ஸஹாரன்பூரியின் அச்சகத்தில் ஸஹீஹுல் புகாரி பதிப்பிக்கப்பட்டபோது, அதன் இறுதிப் பகுதிகளுக்கு ஓரக்குறிப்பு எழுதும் பொறுப்பு இளைஞராயிருந்த அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆலிம்களை அச்சின் பகைவர் என்போர் இதற்கு என்ன மறுமொழி கூறுவரோ, அறியோம்.

நம் தமிழகத்திலும் நிலை இதுவே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் முதன்முதலாக அச்சேறியபோது அதன் பதிப்பாசிரியராக நின்றவர், புலவர் நாயகம் என்று போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். பெயரிலேயே 'ஆலிம்' இருக்கிறது! அரபுத்தமிழ் நூல்களுக்கோ கல்லச்சு ஒரு வரமாகவே வாய்த்தது. தமிழொலிகளுக்காக அரபு எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு எழுதும் அவ்வரிவடிவத்திற்கு ஈய எழுத்து எங்கே கிடைக்கும்? எழுத்தர் எழுதினார், கல் ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளின் பழைய பெட்டிகளில், பழுப்பேறிய தாள்களுடன் பாட்டிமார் போற்றி வைத்த கித்தாபுகளுள் பல அவ்வாறு பிறந்தவையே. இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கி, பெண் கல்விக்கும் நவீனக் கல்விக்கும் அச்சையே படைக்கலமாக்கினார்.

மீண்டும் எகிப்துக்குச் செல்வோம். பள்ளிகள் பெருகின; பிள்ளைகளின் கைகளில் பிழையுள்ள குர்ஆன் பதிப்புகளும் பெருகின. தலைமைக் காரியாகிய முஹம்மது அலீ கலஃப் அல் ஹுஸைனியின் தலைமையில் அமைந்த குழுவொன்று பழைய எழுத்துமுறை நூல்களை ஆதாரமாகக் கொண்டு உழைத்து, 1924இல் புதிய பதிப்பை வெளிக்கொணர்ந்தது. உலகெங்கும் இன்று பெருவழக்காயுள்ள முஸ்ஹஃபுகளுக்கு முன்மாதிரி அதுவே. அதனால் நேர்ந்த ஒரு விளைவையும் சொல்ல வேண்டும். ஹஃப்ஸ் வழி ஓதலில் அமைந்த அப்பதிப்பின் செல்வாக்கால், பிற ஓதல் முறைகளின் வழக்குப் பல இடங்களில் சுருங்கிற்று. மக்ரிபு நாடுகளில் வர்ஷ் வழி இன்றும் நிலைத்திருக்கிறது. சூடானில் தூரி வழியும் உண்டு. ஒரு பொறி ஒழுங்கைத் தரும்போது பன்மையைச் சிறிது விலையாகக் கேட்கிறது.

தாளைப் பற்றிய வழக்குத் தீர்ந்தபின் குரலைப் பற்றிய வழக்கு எழுந்தது. 1934இல் கெய்ரோ வானொலி தொடங்கியபோது, முதற்கண் குர்ஆன் ஓத அழைக்கப்பெற்ற காரி முஹம்மது ரிஃப்அத், அஸ்ஹரின் ஃபத்வாவைக் கேட்டறிந்த பின்னரே இசைந்தார். நம் துணைக்கண்டத்தில் ஒலிபெருக்கி வந்தபோது, தொழுகையில் அதனைப் பயன்படுத்தலாமா என்று மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவியிடம் கேட்கப்பட்டது. அதிலிருந்து வருவது இமாமின் குரலேயா, அன்றி எதிரொலியா? எதிரொலியாயின் அதனைப் பின்பற்றித் தொழுவது எங்ஙனம்? ஆலிம்கள் இதனை அறிவியல் கற்பித்தோரிடமே விசாரித்தனர். முதலில் கூடாதென்று எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ, அறிவியலார் விளக்கத்தை ஆராய்ந்த பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இதனைக் கண்டு நகைப்போர் உளர். நமக்கோ நகைப்பு வரவில்லை. தம் ஃபத்வாவைத் தாமே திருத்திக்கொள்ளும் நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று.

1959இல் எகிப்தைச் சேர்ந்த லபீப் அஸ்ஸயீத் என்பார் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அச்சிட்ட முஸ்ஹஃப் எழுத்தைக் காட்டும், ஓசையைக் காட்டாது. நல்ல உஸ்தாத் கிடைக்காத ஊர்ப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே குர்ஆன் முழுவதையும் தேர்ந்த காரியின் குரலில் பதிவு செய்ய வேண்டும் என்றார். காரி மஹ்மூது கலீல் அல் ஹுஸரி ஓத, அறிஞர் குழு கேட்டுச் சரிபார்க்க, 1961இல் அப்பதிவு வெளியாயிற்று. தாள் பிரித்துவிட்ட குரலை இசைத்தட்டு மீட்டுத் தந்தது எனலாம்.

ஆயினும் இசைத்தட்டு ஓதும், கேட்காது. பிள்ளை 'ஹா'வைத் தவறாக உச்சரித்தால் அதற்குத் தெரியாது. 2020இல் கொள்ளைநோயால் மதரஸாக்கள் மூடப்பட்டபோது, நம் ஊர்களில் உஸ்தாதுகள் பலர் கைபேசி வாயிலாக ஓதிக்கொடுத்ததை நாம் கண்டோம். ஒருநாள் அண்டை வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுமி சிறு திரையின்முன் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஒவ்வொரு முறை மீண்டபோதும் மறுமுனையிலிருந்து முதியவரின் குரல், "எதுவரை வந்தோம்? அந்த ஆயத்தை முதலிலிருந்து ஓதும்மா, கேட்கிறேன்" என்றது. அவள் முதலிலிருந்து ஓதினாள்.